ஏற்கெனவே பயனாளி

ஜூலை 3, வியாழன்

இல்லை, எனக்குத் தைக்கத் தெரியாது. ஊசியில் நூல் கோப்பேன். பொத்தான் தைப்பேன், இரண்டு நாளில் மறுபடி அறுந்துவிடும். அவ்வளவுதான் என் தையல். ஆனால் நான் தையல் இயந்திரத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவள் என்கிறது கணினி. தேர்ச்சியும் அடைந்தவளாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண்மணி திரையை என் பக்கம் திருப்பினார்.

"எம்மா, நீ ஏற்கெனவே பயனாளியாம்லா."

"எதுக்கு மேடம்?"

"தையலுக்கு. ஒரு திட்டத்துல பயன் அடைஞ்சவங்க இன்னொண்ணுல சேர முடியாதும்மா. சிவப்பு விழுது பாரு."

விழுந்திருந்தது. மு. பிரம்மசக்தி. என் பிறந்த தேதி. என் முகம். பெயருக்குக் கீழே சிவப்புப் பட்டை.

"நான் தையலே படிக்கலியே."

"படிக்கலன்னு அந்த சென்டர்ல எழுதி வாங்கிட்டு வா."

"படிக்காததுக்கு எப்பிடி மேடம் எழுதித் தருவாங்க?"

"எனக்கும் அதான் தெரியல," என்றார். உண்மையாகவே தெரியாத முகம். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

நடந்தது இவ்வளவு: புவியியலில் முதுகலை முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருக்கிறேன். பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பயிற்சிப் பணி என்று ஒரு திட்டம் வந்தது. நிலத்தடி நீர்ப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. ஊர் ஊராகப் போய், கிணற்றுக்குள் நாடா விட்டு நீர்மட்டம் அளக்கும் வேலை. ஆகஸ்ட் எட்டுக்குள் தகுதிச் சரிபார்ப்பு முடிய வேண்டும். முடியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். எழுதவில்லை.

தக்காளி வாங்க மறந்துவிட்டேன். அம்மா வெறும் புளியில் ரசம் வைத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

பயனாளி. பயனை ஆள்பவள். நோயாளியை நோய் ஆள்கிறது. கடனாளியைக் கடன் ஆள்கிறது. அப்புறம் ஏமாளி, கோமாளி. இந்த 'ஆளி'க்கு நல்ல வாழ்வு கிடைத்தது முதலாளியில் மட்டும்தான்.

ஜூலை 7, திங்கள்

பயிற்சி நிலையம் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது. படியெல்லாம் வெற்றிலை எச்சில். உள்ளே பத்துப் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள். பாதிக்கு மேல் உறை போட்டிருந்தது. சுவரில் சிரிக்கும் இளைஞர்களின் படம். அவர்கள் இந்த ஊர் ஆட்கள் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் ராஜாமணிக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம்.

"வாங்கம்மா! நம்ம பேட்ச்சா?"

"அப்படித்தான் சொல்லுதாங்க."

விவரம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. தேநீர் சொல்லிவிட்டார்.

"போன வருஷம் காலேஜ் கிரவுண்டுல வேலைவாய்ப்பு முகாம் நடந்துச்சே, வந்தீங்களா?"

"வந்தேன்."

"மத்தியானம் சாப்பாட்டு டோக்கனுக்கு ரேகை வச்சீங்களா?"

வைத்தேன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். வெயிலில் வரிசை நீளமாக இருந்தது. எல்லோரும் வைத்தார்கள், நானும் வைத்தேன்.

"அதான்மா சேர்க்கை."

"சாப்பாட்டுக்கா?"

"ஒரே மெஷின்தானம்மா. ரெண்டுக்கும் தனித்தனியா ரேகை எடுத்துக்கிட்டு இருக்க முடியுமா?" ஏதோ என் வேலையைக் குறைத்தவர் போலச் சொன்னார். "கோவப்படாதீங்க. எங்களுக்கு மேல இருந்து டார்கெட்டு. இத்தன பேரைச் சேக்கணும், இத்தன பேரு வேலையில நிக்கணும். நிக்கலன்னா சென்டரை மூடிருவாங்க. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே? பயிற்சி குடுத்து, வேலையும் வாங்கிக் குடுத்திருக்கோம்."

"வேலையா?"

"நாலு மாசமா எட்டயபுரம் ரோட்டுல ஒரு கார்மெண்ட்ஸ்ல இருக்கீங்க. நல்ல கம்பெனி. ஹாஸ்டல் உண்டு."

தேநீர் வந்தது. குடித்தேன். குடித்திருக்கக் கூடாது.

ஜூலை 9, புதன்

தண்ணீர் வந்தது. குடம், அண்டா, வாளி, எல்லாம் நிரப்பினேன். அம்மாவுக்குப் பல்வலி.

"சாத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்காரவுங்க மறுபடி கேக்காக. உனக்கு ஒரு வேலைன்னு இருந்தா ஒரு வருஷம் தள்ளலாம். இல்லேன்னா என்னத்தச் சொல்லித் தள்ள?"

"வேலை இருக்கும்மா. நாலு மாசமா கார்மெண்ட்ஸ்ல இருக்கேன்."

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருட்டி," என்றாள்.

ஜூலை 14, திங்கள்

போய்விட்டேன். என் வேலையை நானே போய்ப் பார்க்கலாம் என்றுதான். அங்கே என் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. அதை எழுதி வாங்கிவிட்டால் சிவப்பு போய்விடும். இதுதான் திட்டம்.

வாசல் காவலாளி வயதானவர். மூங்கில் தடியில் வெற்றிலைப் பை மாட்டியிருந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"பிரம்மசக்தின்னு ஒருத்தங்க இங்க வேலை பாக்காங்களா?"

"நம்ம சக்தியா? நீ அக்காவா?"

பதில் சொல்வதற்குள் உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏ, சக்தியை வரச் சொல்லு! அவ அக்கா வந்திருக்கு!"

வந்தாள். ஒல்லி. தலையில் பஞ்சுத் தூசி. கழுத்தில் அட்டை. அட்டையில் என் பெயர், அவள் முகம். ஓடி வந்த வேகத்தில் சிரிப்பு இருந்தது. அக்கா என்று ஒருத்தி நிஜமாகவே அவளுக்கு இருக்கலாம். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீங்க யாருக்கா?"

"பிரம்மசக்தி," என்றேன்.

அவள் அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

காவலாளி எங்களைப் பார்க்காதது போல வெற்றிலையை எடுத்தார். "யார்கிட்டயும் சொல்லப்பிடாதுன்னு சொல்லிருக்காவக்கா," என்றாள். அழவில்லை. கணக்குத் தப்பாகப் போட்டுவிட்ட பிள்ளை போல நின்றாள். என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எழுதி வாங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஆள் இல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் எளிது.

பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். இளைஞர்கள் தொழிலாளர் சந்தைக்குள் நுழைவதற்கான கொள்கைகள். பேராசிரியர் பாராட்டினார். நுழைவது என்ற சொல்லை எத்தனை முறை எழுதினேனோ. நூல் ஊசிக்குள் நுழைகிறது. பூனை கம்பிக்குள் நுழைகிறது. உடம்பைக் குறுக்கினால் நுழையலாம். அவள் தன் பெயரையே கழற்றி வாசலில் வைத்துவிட்டு நுழைந்திருக்கிறாள். அந்தக் கட்டுரையில் எங்கேயும் ஒரு பெண் தலையில் பஞ்சுத் தூசியோடு நிற்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். விடுமுறை. பேருந்து நிலையத்துப் பழக்கடையில் சந்தித்தோம். சாத்துக்குடிச் சாறு. அவளுக்குச் சர்க்கரை அதிகம் வேண்டும்.

பெயர் முத்துப்பேச்சி. பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். வயது பதினெட்டு ஆகவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஆகிறது.

"வயசு பத்தாம எப்படிச் சேர்ந்தே?"

"ராஜாமணி சார் சொன்னாவ, பேரு நெறைய கெடக்கு, ஆளுதான் இல்லன்னு. எங்ககிட்ட ஆளு இருந்துச்சு." தன்னைத்தான் சொன்னாள்.

"பயிற்சி எடுத்தியா?"

"மூணு நாளு. பொறவு கம்பெனியிலயே பழகிக்கிட்டேன். நல்லாத் தைப்பேன்க்கா. உங்க சுடிதார்ல பக்கவாட்டுத் தையல் இழுத்திருக்கு, பாருங்க."

இழுத்திருந்தது.

"வீட்ல சும்மா இருந்தா கெட்டிக் குடுத்துருவாவக்கா. வேலைன்னு ஒண்ணு இருந்தா தள்ளிப் போடலாம்லா, அதான் வந்தேன்."

வெயில் கடுமையாக இருந்தது. கடைக்காரர் படுதாவை இறக்கினார்.

"எவ்வளவு நாள் இப்படி இருக்கப் போறே?"

"பதினெட்டு ஆனதும் நர்சிங் உதவியாளர் பயிற்சி இருக்குல்லா, அதுல சேரணும். அதும் இதே திட்டந்தான். ஒரு ஆளு ஒருக்காத்தான் சேர முடியும். அதான் என் பேரை எங்கயும் குடுக்கல. அது சும்மா பத்திரமா கெடக்கு." குழலால் டம்ளரின் அடியைக் கிளறினாள். "அக்கா பேரு தீந்துபோச்சு. நான்தான் தீத்துட்டேன். கோவமா?"

"இல்லை," என்றேன்.

இருந்தது. என் பெயரைச் செலவழித்துவிட்டுத் தன் பெயரைச் சேமித்து வைத்திருக்கிறாள். எனக்கு ஏன் அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை?

"இப்பல்லாம் சக்தின்னாத்தான் திரும்புதேன்க்கா. எங்கம்மா போன்ல முத்துப்பேச்சின்னா வேற யாரையோ கூப்பிடுதாளோன்னு தோணுது."

ஜூலை 22, செவ்வாய்

ராஜாமணியிடம் மறுபடி. இந்த முறை தேநீர் வேண்டாம் என்றேன்.

புகார் கொடுப்பேன் என்றதும் குரலைத் தாழ்த்தினார். மிரட்டல் போலவே இல்லை. அக்கறை போல இருந்தது.

"குடுங்க. தாராளமாக் குடுங்க. முதல்ல யாரைம்மா பிடிப்பாங்க? வயசு மறைச்ச புள்ளைய. அப்பறம் விசாரணை, அப்பறம் ஃபைலு. உங்களுக்கு எட்டாம் தேதி முடிஞ்சே போவும்."

நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் பொறுங்க. அவளுக்குப் பதினெட்டு முடியட்டும். உங்க பேர எடுத்துட்டு எல்லாத்தையும் நேராக்கிருதேன். உங்களுக்குப் பச்சை. அவளுக்கு வேலை. யாருக்கு என்ன நஷ்டம்?"

"எப்படி நேராக்குவீங்க?"

"அத நான் பாத்துக்கிடுதேன்மா. நீங்க கிணத்தப் பாருங்க."

ஜூலை 23, புதன்

பொறுங்கள் என்றார். பொறுப்பது சம்மதம் ஆகாது. நான் எதற்கும் தலையாட்டவில்லை.

அம்மாவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பிடுங்க வேண்டும் என்றார்கள். வேண்டாம், பொறுத்துக்கொள்கிறேன் என்றாள்.

ஜூலை 30, புதன்

அடிப்பாகம் ரப்பர் வைத்த ஷூ வாங்கினேன். கிணற்று மேட்டில் வழுக்காது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பச்சை. அலுவலகப் பெண்மணி திரையைத் திருப்பிக் காட்டினார். "பாத்தியா, எப்படியோ போயிட்டு!" அவருக்கு என்னைவிட மகிழ்ச்சி. முத்திரை குத்தினார். பதினெட்டாம் தேதி வேலையில் சேர வேண்டும்.

ராஜாமணிக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் நேராயிட்டும்மா. இனி அவரவர் அவரவர் பேருல."

அவரவர் அவரவர் பெயரில். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. சாத்தூர்க்காரர்களுக்கு அம்மா பதில் சொல்லிவிட்டாள். பாயசம் வைத்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, சூப்பர்வைசர் இன்னைக்கு ஏசிட்டாரு. எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன், காது செவிடான்னு."

"ஏன்?"

"முத்துப்பேச்சின்னு கூப்பிட்டிருக்காவ. நான் திரும்பவே இல்ல." சிரிக்கப் பார்த்தாள். "புது அட்டை குடுத்துட்டாவக்கா. என் பேரு போட்டது. மூணு மாசம் தையல் படிச்சு வேலைக்கு வந்தேன்னு ஏத்திட்டாவளாம். ராஜாமணி சாருக்குப் போன் போட்டு அப்ப நர்சிங்குன்னு கேட்டேன். நீ ஏற்கெனவே பயனாளிம்மாங்காரு."

சுடிதாரின் பக்கவாட்டுத் தையல் கையில் இருந்தது. இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இப்போது எல்லாம் உண்மை. பெயர் உண்மை, வயது உண்மை, ஆள் உண்மை. ஒரு பொய்யைத் திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு விலையாக அவளைக் கொடுத்திருக்கிறார்கள். பொய்யாக இருந்தவரை அவளுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

ஒருக்காத்தான். யார் வைத்த விதி இது? ஒருவர் இரண்டு முறை பயன் அடைந்துவிடுவாரோ என்று எவ்வளவு கவலை. ஒரு முறையாவது அடைந்தாரா என்று பார்க்க ஆள் இல்லை. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் உனக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்க எந்தத் திரையிலும் இடம் இல்லை. பயிற்சியில் சேர்ந்தவர், முடித்தவர், பணியில் அமர்ந்தவர். அமர்ந்தவரா! நாள் முழுக்க இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருக்கிறாள், அந்த வரைக்கும் சரிதான். அறிக்கையில் அவள் வெற்றி. நானும் வெற்றியாக இருந்தேன், நாலு மாதம், வீட்டில் அண்டா நிரப்பிக்கொண்டு. இப்படிச் சேர்த்த வெற்றிகளைத்தான் என் கட்டுரையில் அட்டவணையாகப் போட்டேன்.

 

ஆகஸ்ட் 8, வெள்ளி

சரிபார்ப்புக்குக் கடைசி நாள். எனக்கு முடிந்துவிட்டது. ஷூவை எடுத்துத் துடைத்தேன். அதில் தூசி இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மனு எழுதினேன். முதல் வரியை 'நான் பயனாளி அல்ல' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். 'நாங்கள்' என்று மாற்றினேன். எலுமிச்சை சாதத்தை எழுதினேன். வேறு யார் யார் அந்த வரிசையில் நின்றார்களோ, அவர்கள் எல்லோருடைய பெயரையும் பார்க்கச் சொல்லி எழுதினேன். விசாரணை வந்தால் என் பச்சையையும் கேட்பார்கள். எப்படி வந்தது என்று. அதையும் எழுதினேன்.

அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"பதினெட்டாம் தேதி சேந்துட்டு அப்பறம் குடுக்கப்பிடாதா?"

"அதுக்கப்பறம் குடுக்க மாட்டேம்மா."

அம்மா அடுப்பைத் துடைக்கப் போனாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "அந்தப் புள்ளைக்குச் சாப்பாடு கட்டணுமா?" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பழக்கடை. சாத்துக்குடி. சர்க்கரை அதிகம்.

மனுவைப் படித்தாள். உதடு அசைய, மெதுவாக.

"இதக் குடுத்தா என் வேலை போயிருமாக்கா?"

"போகலாம். அந்த அட்டையைப் போட்டது நீ இல்ல, அவங்கன்னு எழுதியிருக்கேன். ஆனாலும் போகலாம்."

"உங்க வேலை?"

"அதுவும் போகலாம்."

"என் பேரு திரும்பக் கெடைக்குமா?"

"தெரியாது."

யோசித்தாள். பேருந்துகள் வந்தன, போயின. நடத்துநர் ஒருவர் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டே இருந்தார்.

"ராஜாமணி சார் ஒண்ணு சொன்னாருக்கா. நீங்க கேட்டுத்தான் மாத்துனாராம்."

சாறு தீர்ந்திருந்தது. இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடக் குனிந்தவள் முதலில் 'ச' என்று ஆரம்பித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அடித்தாள். பக்கத்தில் தன் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதினாள்.

"வயித்து வலின்னு லீவு சொல்லிருதேன். எத்தன மணி பஸ்சு?"

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆட்சியர் அலுவலகம். மனு நாள். வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். பட்டா கேட்டு வந்தவர்கள், ஓய்வூதியம் கேட்டு வந்தவர்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் பழைய மண்ணெண்ணெய்க் கேன் கொண்டுவந்திருந்தார். தீக்குளிப்பாரோ என்று அதை வாசலிலேயே பறித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்தேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா கொடுத்தது எலுமிச்சை சாதம். தெரிந்து செய்தாளா என்று தெரியவில்லை. டப்பாவைத் திறந்ததும் நான் சிரித்தேன். ஏன் என்று முத்துப்பேச்சி கேட்டாள். சொன்னதும் அவளுக்குப் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் தண்ணீர் கொடுத்தார்.

"ரேகை கேக்கலியேக்கா?"

"இல்லை, சாப்பிடு."

பதிவு மேசையில், மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் முதல் பெயரைத்தான் கூப்பிடுவோம் என்றார்கள். காத்திருந்தோம். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"மு. பிரம்மசக்தி."

நான் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உட்காரப் போனாள்.

வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் மேசைக்குப் போனோம். மனுவைக் கொடுத்தோம்.